இரண்டு இன்டர்வியூ, ஒரு கேள்வி: வேலைப் பாதுகாப்பை எப்படி எடைபோடுவது?

ஒரே மாதத்தில் அரசுத் துறையிலிருந்து ஒன்று, தனியார் நிறுவனத்திலிருந்து ஒன்று என இரண்டு நேர்முகத் தேர்வு அழைப்புகள் வந்தால், வீட்டில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். "கவர்மென்ட்டா? அப்புறம் என்ன யோசனை?" அரசு வேலை என்றால் நிரந்தரம், தனியார் என்றால் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது ஊரறிந்த கணக்கு.

இந்தக் கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பாதி சரி. ஆனால் அரசு அலுவலகத்துக்குள்ளேயே எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வேலை பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தனியார் வேலையிலோ, சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்பு என்னவென்று தெரியாமலே பலர் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். ஆக, அரசா தனியாரா என்று கேட்பதைவிட, நம் கைக்கு வரப்போகும் ஆணை எப்படிப்பட்டது என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

வேலைப் பாதுகாப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. இந்த வேலை போய்விட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பது ஒன்று. என்னை அனுப்ப வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தால் சட்டப்படி என்னென்ன செய்தாக வேண்டும் என்பது இன்னொன்று. எல்லாம் மீறி வேலை போய்விட்டால் என் கையில் என்ன மிஞ்சும் என்பது மூன்றாவது. அரசு வேலை இரண்டாவது விஷயத்தில்தான் மிக வலுவானது. மற்ற இரண்டில் அது பதவிக்குப் பதவி மாறும்.

அரசு ஊழியரை ஏன் சுலபமாக நீக்க முடியாது?

அதற்கான அடிப்படை அரசியலமைப்புச் சட்டத்தின் 311-வது பிரிவு. மத்திய, மாநில அரசுகளின் சிவில் பணியில் இருப்பவருக்கு அது இரண்டு உறுதிகளைத் தருகிறது. உங்களை நியமித்த அதிகாரிக்குக் கீழ்நிலையில் உள்ள யாரும் உங்களைப் பணிநீக்கம் செய்ய முடியாது. குற்றச்சாட்டு என்னவென்று சொல்லி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரணை நடத்தாமல் உங்களை நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ முடியாது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தமிழக அரசு அலுவலகங்களில் "அவருக்கு 17 பி கொடுத்திருக்காங்க" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) என்பது சின்னத் தண்டனைகளுக்கு, 17(பி) பெரிய தண்டனைகளுக்கு. 17(பி)யில் முதலில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். என்ன தப்பு, எந்த ஆவணத்தை வைத்துச் சொல்கிறார்கள், சாட்சி யார் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊழியர் எழுத்தில் விளக்கம் தருவார். விசாரணை அதிகாரி ஒருவர் நியமிக்கப்படுவார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். விசாரணை அறிக்கையின் நகலை ஊழியருக்குக் கொடுத்து, அதன்மீதும் அவர் கருத்தைக் கேட்க வேண்டும். 1993-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் தண்டனை. தண்டனை மீது மேல்முறையீடு உண்டு, அதன் பிறகு உயர் நீதிமன்றம் உண்டு. மத்திய அரசு ஊழியரானால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும் ஆணை ரத்தாக வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் அதிகாரிகள் இதில் கை வைக்கத் தயங்குகிறார்கள்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு ஊழியருக்குச் சுகமான அனுபவம் என்று நினைத்துவிடக் கூடாது. விசாரணை வருடக்கணக்கில் இழுக்கும். அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வு நின்றுபோகும். பணியிடை நீக்கம் செய்யப்பட்டால் வேலை போவதில்லை, ஆனால் தொடக்கத்தில் பாதிச் சம்பள அளவில் பிழைப்பூதியம்தான் வரும். வேலை இருக்கிறது என்பதும் நிம்மதி இருக்கிறது என்பதும் வேறு வேறு.

விதிவிலக்குகளும் உண்டு. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர், விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று அதிகாரி காரணம் எழுதிவைக்கும் நேர்வு, நாட்டின் பாதுகாப்பு கருதி விசாரணை கூடாது என்று குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கருதும் நேர்வு: இந்த மூன்றிலும் விசாரணை இல்லாமலே நீக்கலாம். 1985-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. இது போக, மத்திய அரசில் அடிப்படை விதி 56(ஜே) என்று ஒன்று இருக்கிறது. பொதுநலன் கருதி 50 அல்லது 55 வயதுக்கு மேல் ஒருவரை முன்கூட்டியே ஓய்வுபெறச் செய்யலாம். அது தண்டனை அல்ல என்பதால் 311 அங்கே துணைக்கு வராது.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் மேலாக நினைவில் நிற்கும் ஆண்டு 2003. ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அந்த ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். டெஸ்மா எனப்படும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டத்தின் கீழ் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு உரிமை இல்லை என்று ஆகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அரசு வேலை போகவே போகாது என்று யாராவது அடித்துச் சொன்னால், அந்தக் காலத்தில் பணியில் இருந்த ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும், காலமுறை ஊதியத்தில் முறையாகத் தேர்வாகி நியமிக்கப்பட்ட ஓர் அரசு ஊழியருக்கு இருக்கும் பாதுகாப்பு இந்த நாட்டில் வேறெந்த வேலைக்கும் கிடையாது. அதில் சந்தேகமில்லை. சிக்கல் அடுத்த இடத்தில்தான்.

அரசு அலுவலகத்தில் வேலை, ஆனால் அரசு ஊழியர் இல்லை

அரசு விளம்பரத்தில் சம்பள வரியைப் பாருங்கள். 'ஊதிய நிலை' என்று ஓர் எண்ணும், எங்கே தொடங்கி எதுவரை போகும் என்ற ஏற்றமும் போட்டிருந்தால் அது காலமுறை ஊதியம். 'தொகுப்பூதியம் மாதம் இவ்வளவு' என்று ஒரே தொகை போட்டிருந்தால் அங்கேயே நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். கீழே இப்படி ஒரு வாசகம் இருக்கும்: "இப்பணியிடம் முற்றிலும் தற்காலிகமானது. எந்த ஒரு காலத்திலும் பணிநிரந்தரம் செய்யப்பட மாட்டாது." சுகாதாரத் துறைத் திட்டப் பணிகளில் 11 மாத ஒப்பந்தம் என்று இருக்கும். சேரும்போதே நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்வதும் உண்டு. மதிப்பூதியம், தினக்கூலி, வெளிமுகமை என்று இதற்கு இன்னும் பல பெயர்கள். மேசை அரசாங்கத்தினுடையது, அடையாள அட்டையில் அரசு முத்திரைகூட இருக்கும், 311 மட்டும் இருக்காது.

"சேர்ந்துட்டா போதும், பத்து வருஷம் ஓட்டினா பெர்மனென்ட் பண்ணிடுவாங்க" என்பது இந்த வேலைகளைப் பற்றிச் சொல்லப்படும் பழைய நம்பிக்கை. 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்த நம்பிக்கையின் அடித்தளத்தை எடுத்துவிட்டது. முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டவர், எத்தனை காலம் வேலை பார்த்தார் என்பதை மட்டும் வைத்து நிரந்தரம் கோர உரிமையில்லை என்பதுதான் அதன் சாரம். அதற்குப் பிறகு ஊழியர்களுக்கு ஆதரவான தீர்ப்புகள் சில வந்திருக்கின்றன. ஆனால் நீதிமன்றம் போய்த்தான் வாங்க வேண்டும் என்றால் அதைப் பாதுகாப்பு என்று கணக்கில் எழுத முடியாது.

மக்கள் நலப் பணியாளர்களின் கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். 1989-இல் கிராம ஊராட்சிகளில் நியமிக்கப்பட்டார்கள். 1991-இல் ஆட்சி மாறியதும் நீக்கம். அடுத்த ஆட்சியில் மறுபடி வேலை, 2001-இல் நீக்கம், 2006-இல் மீண்டும் வேலை, 2011 நவம்பரில் சுமார் 13,500 பேர் மீண்டும் நீக்கம். ஒவ்வொரு தேர்தலும் அவர்களுக்கு ஓர் ஆள்குறைப்புதான். 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்க்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் செய்தித்தாள்களில் வருடந்தோறும் வந்தன. இவர்களெல்லாம் 'கவர்மென்ட் வேலை' என்று நம்பித்தான் சேர்ந்தார்கள்.

அடுத்து, பொதுத்துறை நிறுவனங்கள். இவற்றை அரசு வேலையென்றே எல்லோரும் சொல்வார்கள், பேச்சு வழக்கில் அதில் தப்பில்லை. சட்டத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். பொதுத்துறை நிறுவன ஊழியர் சிவில் பதவியில் இருப்பவர் இல்லை, எனவே 311 அவருக்குப் பொருந்தாது என்று 1969-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக அவர்கள் நட்டாற்றில் விடப்படவில்லை. நிறுவனத்தின் சொந்தப் பணிவிதிகள் இருக்கின்றன. நிறுவனமும் அரசின் கைபோன்றதுதான் என்பதால் அது நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து நிரந்தர ஊழியரைக் காரணம் சொல்லாமல் அனுப்பலாம் என்றிருந்த ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் விதியை 1986-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது.

அங்கே உண்மையான ஆபத்து வேறு: நிறுவனமே சுருங்கலாம், விற்கப்படலாம். பிஎஸ்என்எல் 2019 நவம்பரில் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தது. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். ஏர் இந்தியா 2022 ஜனவரி 27 அன்று டாடா குழுமத்தின் கைக்குப் போனது. ஓராண்டுக்கு ஆட்குறைப்பு கூடாது என்பது விற்பனை நிபந்தனைகளில் ஒன்று. ஓராண்டு. அரசு நிறுவனம் என்று நம்பிச் சேர்ந்த ஒருவருக்கு மிஞ்சிய உத்தரவாதம் அவ்வளவுதான். எனவே பொதுத்துறை இன்டர்வியூவுக்குப் போகிறவர் அந்த நிறுவனம் லாபத்தில் இருக்கிறதா, பங்கு விற்பனைப் பேச்சு அடிபடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தனியார் வேலையில் சட்டம் என்ன தருகிறது?

தனியார் வேலைக்குப் பாதுகாப்பே இல்லை என்பது சரியல்ல. இருப்பது, நீக்க முடியாது என்ற பாதுகாப்பு அல்ல. இன்ன விலை கொடுத்து, இன்ன முறையில்தான் நீக்கலாம் என்ற பாதுகாப்பு.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம்தான் பல தலைமுறைக்கு இதைக் காத்துவந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஓராண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. ஒரே வகை வேலையில் இருப்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவது பொது விதி. பெரிய தொழிற்சாலைகள் ஆட்குறைப்புக்கு முன் அரசின் அனுமதி வாங்க வேண்டும். பழைய சட்டத்தில் இது 100 பேர் முதல், இப்போது 300 பேர் முதல். இந்த மாற்றம் நடுத்தர அளவுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. 150 பேர் வேலை செய்யும் ஓர் ஆலை இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு கொக்கி இருக்கிறது. இதெல்லாம் சட்டம் சொல்லும் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவருக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் வெளியே. சும்மா 'மேனேஜர்' என்று பட்டம் கொடுத்துவிட்டால் ஆயிற்றா என்றால், இல்லை. பதவிப் பெயரைப் பார்க்காமல், அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. தனக்குக் கீழ் ஓர் ஆள்கூட இல்லாத 'அசிஸ்டென்ட் மேனேஜர்'களுக்கு இது பயன்படும்.

தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவருக்கு இன்னும் இரண்டு சட்டங்கள் தெரிந்திருக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமில்லாமல், ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. நீக்கினால் மேல்முறையீடு செய்ய வழியுண்டு. இன்னொன்று 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை பார்த்த தொழிலாளர் நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. 480 நாள் நிறையும் முன்பே ஆளை மாற்றிவிடும் நிறுவனங்கள் இருப்பதற்குக் காரணமும் இதே சட்டம்தான்.

சட்டம் இப்படி. நடப்பது? குறிப்பாக ஐடி, சேவைத் துறைகளில் யாரையும் 'நீக்குவதே' இல்லை. மனிதவள அதிகாரி ஓர் அறைக்குக் கூப்பிட்டு, நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும், அடுத்த கம்பெனியில் பிரச்சினை இருக்காது என்று தன்மையாகச் சொல்வார். கையெழுத்துப் போட்ட அந்த நொடியில் அது ஆட்குறைப்பு அல்ல, சொந்த விருப்பம். நோட்டீஸ், 15 நாள் கணக்கு எல்லாம் அதோடு போயிற்று. சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு கைக்கு வராமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். அங்கேயே பதில் சொல்லாமல், எழுத்தில் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வரும் உரிமை யாருக்கும் உண்டு.

வேலை போனால் கையில் என்ன வரும் என்பதையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய், ஆறு வருட சர்வீஸ். பணிக்கொடை (கிராஜுவிட்டி): 26,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் 15,000, ஆறு வருடத்துக்கு 90,000. ஆட்குறைப்பு இழப்பீடு வருடத்துக்கு ஏறக்குறைய அரை மாதச் சம்பளம் என்பதால் மூன்று மாதச் சம்பளம். வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்தது தனி. எல்லாம் சேர்த்து, அடுத்த வேலை தேடும் சில மாதங்களைத் தாண்ட உதவும், அவ்வளவுதான். தனியார் வேலையைத் தேர்ந்தெடுப்பவர் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைப்பது, அரசு ஊழியருக்கு 311 கொடுப்பதைத் தானே ஓரளவு செய்துகொள்வது மாதிரி.

பெரிய பெயரே பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் சரிவராது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு, வெளியேறுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து அடுத்த ஆண்டு கார் உற்பத்தியை நிறுத்தியது. இரண்டு இடத்திலும் தொழிலாளர்கள் பேச்சுவார்த்தை நடத்தி நிவாரணத் தொகை பெற்றார்கள். சின்னச் சப்ளையர் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் இடமே இருக்கவில்லை.

இன்டர்வியூவுக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

அரசு வேலையில் எல்லா நிபந்தனையும் விளம்பரத்தில், அதாவது நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே வந்துவிடும். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து "இது நிரந்தரமா சார்?" என்று கேட்க வேண்டிய தேவையில்லை, கேட்டால் நன்றாகவும் இருக்காது. தனியார் வேலையில் நிபந்தனைகள் ஆஃபர் லெட்டரில், அதாவது எல்லாம் முடிந்த பிறகு வரும். அதனால் கேட்க வேண்டியதை இன்டர்வியூவிலேயே கேட்டுவிட வேண்டும். கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பலர் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்த இடம் புதிதாக உருவானதா, யாராவது போனதால் காலியானதா என்று கேட்கலாம். இந்த டீமில் எத்தனை பேர் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள், புராஜெக்ட் முடிந்தால் ஆட்களை என்ன செய்வீர்கள் என்றும் கேட்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நான் யாருடைய பேரோலில் இருப்பேன்? பெரிய நிறுவனத்தின் வளாகத்தில் உட்கார்ந்து, சம்பளம் மட்டும் ஏதோ ஓர் ஆள் அனுப்பும் ஏஜென்சியிடம் வாங்கும் வேலை, அரசு அலுவலகத்துத் தொகுப்பூதிய வேலைக்கு அண்ணன் தம்பி.

நிறுவனத்தின் உடல்நலத்தைத் தெரிந்துகொள்ள யாரும் சொல்லித்தராத ஒரு வழி உண்டு. வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் 'நிறுவனத் தேடல்' பகுதியில் கம்பெனி பெயரைப் போட்டால், ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள், எந்தத் தேதியில் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும். எண்ணிக்கை மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தால் ஆள் குறைகிறது. கட்டும் தேதி தள்ளிக்கொண்டே போனால் பணம் இல்லை. இன்டர்வியூவில் என்னதான் சிரித்துப் பேசினாலும் இந்த எண்கள் பொய் சொல்வது கடினம்.

தகுதிகாண் பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் இது பலவீனமான காலம். அரசில் பொதுவாக இரண்டு ஆண்டு. அந்தக் காலத்தில் பணி திருப்தி இல்லை என்று சாதாரணமாக விடுவிப்பது தண்டனை ஆகாது என்று 1957-லிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. குற்றம் சாட்டி, பழி போட்டு அனுப்பினால்தான் விசாரணை வேண்டும். தனியாரில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று இருக்கும். அது முடிந்ததும் உறுதிப்படுத்தும் கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதியத்தைப் பற்றி அப்பா காலத்துக் கணக்கில் பேசாதீர்கள். தமிழக அரசில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கும் பழைய திட்டம் மூடப்பட்டு, சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யும் திட்டங்கள் வந்தன. மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தையும் கொண்டுவந்தது. இது தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கும் விஷயம், சேரும் ஆண்டில் எது நடப்பில் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு.

உண்மையில் பலரைத் தடுமாற வைப்பது நேரம்தான். தனியார் ஆஃபருக்கு மூன்று நாளில், ஒரு வாரத்தில் பதில் கேட்பார்கள். அரசுத் தேர்வு ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் இழுக்கும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, காவல்துறை விசாரணை எல்லாம் இருக்கும். நடுவில் யாராவது வழக்குப் போட்டால் தேதியே கிடையாது. மத்திய அரசில் கெசட்டட் அல்லாத பி பிரிவுக்கும் சி பிரிவுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே இல்லை என்பதால், அரசு இன்டர்வியூ அழைப்பு வந்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் மேல்நிலைப் பதவிக்கோ வங்கி, பொதுத்துறை அதிகாரி பதவிக்கோதான் இருக்கும். அங்கேயும் இன்டர்வியூ என்பது வேலை அல்ல. சிவில் சர்வீசஸ் தேர்வில் 275 மதிப்பெண் ஆளுமைத் தேர்வு வரை போய், இறுதிப் பட்டியலில் இடம் இல்லாமல் திரும்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கில். கையில் இருக்கும் ஆஃபரையும் வரக்கூடிய அரசுப் பணியையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது, வந்துவிட்ட சம்பளத்தையும் வரப்போகும் சம்பளத்தையும் ஒன்றாகச் செலவழிப்பதுபோல் ஆகிவிடும்.

வயதும் இதில் சேரும். அரசுக் கதவுக்கு உச்ச வயது வரம்பு உண்டு. சிவில் சர்வீசஸில் பொதுப்பிரிவினருக்கு 32. தனியார் கதவு அப்படி ஒரு தேதியில் மூடுவதில்லை, ஆனால் நீண்ட இடைவெளி விழுந்த பயோடேட்டாவைப் பார்த்து முகம் சுளிக்கும். இருபத்து மூன்று வயதில் அரசுத் தேர்வுக்காக இரண்டு வருடம் ஒதுக்குவதில் இழப்பு குறைவு. முப்பதில், கையில் அனுபவம் எதுவும் இல்லாமல் மூன்றாவது முயற்சி என்றால் அதற்குப் பெயர் பாதுகாப்பு தேடுவது அல்ல.

என்னிடம் கேட்டால், காலமுறை ஊதியப் பதவியும் நடுத்தரமான தனியார் வேலையும் இரண்டுமே உறுதியாகக் கையில் இருந்தால், குடும்பத்தில் ஒரே சம்பளம் இவருடையதுதான் என்ற நிலையில் அரசுப் பதவியைத்தான் எடுக்கச் சொல்வேன். தொகுப்பூதிய அரசு வேலையா, வளரக்கூடிய துறையில் நேரடிப் பேரோலில் தனியார் வேலையா என்றால் தயங்காமல் இரண்டாவது. முதலாவதில் பாதுகாப்பும் இல்லை, கற்றுக்கொள்ளவும் பெரிதாக இருக்காது. தனியார் ஆஃபர் வந்துவிட்டது, அரசு முடிவு இன்னும் வரவில்லை என்றால் சேர்ந்துவிட வேண்டியதுதான்.

அப்படிச் சேரும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நோட்டீஸ் காலம். ஆஃபர் லெட்டரில் 90 நாள் என்று இருக்கும். நாளைக்கு அரசு நியமன ஆணை வந்தால் அதில் சேர்வதற்குக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நோட்டீஸுக்குப் பதில் சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகலாமா, அது ஊழியரின் விருப்பமா நிறுவனத்தின் விருப்பமா என்பதை அந்தப் பத்தியில் தேடிப் பாருங்கள். பயிற்சிக்கான பாண்டு ஏதாவது இருந்தால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்றும் பாருங்கள். 'நிறுவனத்தின் விருப்பப்படி' என்று இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே மனிதவள அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். அவர்களுக்கு ஆள் தேவைப்படும் அந்த ஒரு வாரத்தில் கிடைக்கிற பதில், நீங்கள் விடைபெறும் வாரத்தில் கிடைக்காது.